மூன்றாம் பாட்டை எழுதியவர்

கல்லில் எழுத்து வெட்டுவது என் தொழில். திருநள்ளாறு சாலையில் கடை. அடிக்கல், கல்லறைக் கல், கோயில் உபயதாரர் பலகை எல்லாம் என்னிடம் வரும். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த சண்டைகள் அத்தனையும் பெயரால் வந்தவை. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்குத் 'திரு', யாருக்கு 'உயர்திரு'. போன வருடம் பாரிஸிலிருந்து ரொபேர் என்பவர் தன் அப்பாவின் கல்லறைக் கல்லுக்காக வீடியோ காலில் திரும்பத் திரும்பத் திருத்தம் சொன்னார். அப்பா பெயரில் திருத்தம் இல்லை. கல்லை வைத்த மகன் என்று கீழே வரும் தன் பெயரில்தான்.

எங்கள் அப்பா சாமி கும்பிடாதவர். எனக்குத் தமிழ்ச்செல்வன் என்று பெயர் வைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தவர். நான் இரண்டுங்கெட்டான். சாமி பெயரை வெட்டித்தான் சோறு தின்கிறேன் என்பதால் வாயை அடக்கி வைத்திருக்கிறேன். கோபத்தை அடக்கத்தான் இன்னும் தெரியவில்லை.

விழிதியூர் பக்கம் காத்தாயி அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். திருப்பணிக் குழுத் தலைவர் தெட்சிணாமூர்த்தி, ரைஸ்மில் வைத்திருப்பவர், ஒரு நாள் கடைக்கு வந்தார். காத்தாயி பாட்டு முழுவதையும் கறுப்பு கிரானைட்டில் வெட்டி முன்மண்டபச் சுவரில் பதிக்க வேண்டும் என்றார். பதினொரு பாட்டு. அந்தப் பக்கத்தில் அது தெரியாத வீடு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் போகிற வழியிலேயே பெண்கள் அதை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

"கீழ என்ன பேரு போடணும் தலைவரே?" என்றேன். கை பழக்கம்.

"பேரா? அம்மன் அருளியதுன்னு போடு."

"சொல்தா ஐயா எழுதினதுன்னுல்ல எங்கப்பா சொல்லுவாரு?"

"உங்கப்பா ஆயிரம் சொல்லுவாரு. சொல்தாவே தான் எழுதலைங்கிறாரு. உனக்கு என்ன வந்துச்சு?"

சொல்தா ஐயா என்பது சிங்காரவேலன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பட்டாளக்காரர்களை எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் சொல்தா என்பார்கள். வயது எழுபத்தைந்து தாண்டியும் முதுகு வளையாது. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, ஊர் திரும்பிய பிறகு ஒரு மகன் பிறந்தான். அந்த மகிழ்ச்சியில்தான் காத்தாயி பாட்டு உண்டானது. அதுவரை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அதை யார் பாடியது என்பதில்தான் தகராறு. அம்மன் அவர் காதில் சொன்னாள், அவர் எழுதி வைத்தார் என்பது இப்போது ஊரில் நிலைத்துப்போன பேச்சு.

புரூஃப் பார்க்க அவரே வந்தார். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து நகர்த்திப் படித்தார். கல்லில் ஒருமுறை மணல் அடித்து எழுத்தைக் குடைந்துவிட்டால் திருத்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி வரியில், 'அம்மன் அருளியது' என்ற இடத்தில், விரல் சற்று நின்றது.

"மெய்யாவே நீங்க எழுதலையா ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல எங்களுக்கு திக்தேன்னு ஒண்ணு உண்டு. வாத்தியாரு சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கிட்டே போவணும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை கொறைக்கக்கூடாது. நோட்டு என்னுது, பேனா என்னுது, எழுதுற கையும் என்னுது. அதுக்காக அந்தப் பாடத்தை நான் எழுதினேன்னு சொல்லிக்க முடியுமா?"

"பதினோரு பாட்டையும் அப்படியே வந்து சொன்னாளா?"

"சரியாத்தான் இருக்கு, தம்பி. அடிச்சுடுங்க" என்று எழுந்துவிட்டார்.

பதில் சொல்லாமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பெரிய மனிதர். விட்டுவிட்டேன்.

மறுநாளே அவர் மனைவி வந்தார். அபயாம்பாள் அம்மாளை நான் அதற்கு முன் கோயிலில் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. பஸ்ஸில் தனியாக வந்து இறங்கி, குடையை மடக்கி, கல் தூசி படிந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைக்கக்கூட விடாமல் உட்கார்ந்தார்.

"தம்பி, பாட்டுக்குக் கீழ இவரு பேரைப் போட்டுடுங்க."

"ஐயா வேணாங்கிறாரேம்மா."

"அவரு வேணாம்பாரு. நான் வேணுங்கிறேன்."

இங்கேயும் பெயர்ச் சண்டை வந்துவிட்டதா என்று எனக்கு எரிச்சல். "பேரு ஆசையெல்லாம் வீட்டுல பேசித் தீத்துக்கிட்டு வாங்கம்மா. நடுவுல என்னை இழுக்காதீங்க" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேரு ஆசையில்லை தம்பி. இந்தப் பாட்டு ஒரே நாள்ல வானத்துலேருந்து விழல. மாசி மாசம் பூரா எழுதினாரு. கூடத்துல நடந்துக்கிட்டே முணுமுணுப்பாரு, எழுதுவாரு, கிழிச்சுப் போடுவாரு. நான் அடுப்படியில இருந்தா வாசப்படியில வந்து நின்னுக்கிட்டு இது நல்லாருக்கா அது நல்லாருக்கான்னு உசிரை எடுப்பாரு. ஏழாம் பாட்டுல 'பழஞ்சோறு வச்சாலும் பசியாறிப் போறவளே'ன்னு வருதுல்ல? அது நான் சொன்னது. இவரு பாலமுதம்னு எழுதி வச்சிருந்தாரு. நம்ம ஊர்ல காத்தாயிக்குப் பாலமுதம் யாரு படைச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஏழாம் பாட்டின் பழஞ்சோற்றுக்கு ஒரு சொற்பொழிவாளர் அரைமணி நேரம் தத்துவ விளக்கம் கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

"அப்பல்லாம் இவரு எப்படித் தெரியுமா? நான்தான் எழுதினேன், நான்தான் எழுதினேன்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் பெருமை அடிச்சுக்குவாரு. புள்ள போனதுக்கு அப்புறம்தான் அம்மன் சொன்னான்னு ஆரம்பிச்சாரு."

சிரிப்பு நின்றுவிட்டது. மகன் சிறு வயதிலேயே இறந்துபோனான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"கதிரேசன்னு பேரு. ஏழு வயசு. மூளைக்காய்ச்சல். டாக்டருங்க கைவிரிச்சிட்டாங்க. இவரு ஆஸ்பத்திரியில இருந்தாரு. நான் கொளத்துல முங்கிட்டு ஈரப்புடவையோட கோயில்ல போய் உக்காந்துட்டேன். மூணாம் பாட்டு இருக்குல்ல, அதை விடாமப் பாடினேன். பாடிக்கிட்டு இருக்கும்போதே வந்து சொல்லிட்டாங்க."

எதிரே புரூஃப் தாள் விரித்துக் கிடந்தது. மூன்றாம் பாட்டை நான் அப்போதுதான் சரியாகப் படித்தேன்.

தந்த பிள்ளையைத் திரும்பக் கேளாள்
தாயவள் வாசலில் கடனென்று இல்லை
வந்த நோவையும் வழியிலே மடக்கி
வாங்கிக்கொண்டு அவள் வனம்புகு வாளே.

"நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். குரல் உயரவே இல்லை. "இது அம்மன் சொன்னதுன்னா, அவ பொய் சொல்லிட்டா. குடுத்ததைத் திரும்பக் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டா. இவரு எழுதினதுன்னா, பாவம், புள்ள பொறந்த சந்தோசத்துல தெரியாம எழுதிட்டாரு. மனுசன்தானே. இவரை மன்னிச்சுட்டு இவரோட குடித்தனம் பண்ணிட முடியும். அவளை எப்படி மன்னிக்கிறது? மன்னிக்காம அவ முன்னாடி போயி எப்படி நிக்கிறது? முப்பது வருசமா நான் கோயிலுக்குப் போறேன், அவ முகத்தைப் பாக்குறதில்ல. வீட்டுல வெளக்கேத்துறதில்ல. எதிர்வீட்டுப் பொண்ணு வந்து ஏத்துது. கண்ணு சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஐயாகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? ஒடைஞ்சு போயிடுவாரு. கல்லுல வெட்டிட்டீங்கன்னா அதுக்கு மேல எனக்குப் போக்கிடம் இல்ல. அம்மன் அருளியதுன்னு நான் சாகுற வரைக்கும் செவுத்துல நிக்கும்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து தெட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டேன். அந்த அம்மாள் வந்ததையோ சொன்னதையோ சொல்லவில்லை. எழுதினவர் பெயரைப் போடுவதுதான் முறை என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் கத்தியும் விட்டேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஏன்டா தமிழு, சுத்துப்பட்டுல புள்ளைக்கு மேலுக்கு முடியலைன்னா எத்தினி பொம்பளைங்க இதைப் பாடுறாங்க? அம்மன் வாக்குன்னுதானே பாடுறாங்க? நாளைக்கு அது சொல்தா வாக்குன்னு செவுத்துல எழுதிப் போட்டா, ராத்திரி புள்ளைய மடியில போட்டுக்கிட்டு எவ பாடுவா?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல தலைவரே?"

"சரி, நீயும் வேணாம், நானும் வேணாம். வெள்ளிக்கெழமை பூக்கட்டிப் பாத்துடுவோம். அவளே சொல்லட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் கடைசி நீதிமன்றம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல இலையில் கட்டி சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

"யார் மேல வழக்கோ அவங்களையே நீதிபதியாப் போடுறீங்களே" என்றேன்.

"அம்மன் பொய் சொல்ல மாட்டாடா" என்று போனை வைத்துவிட்டார்.

உண்மை தெரிய வேண்டும் என்று கத்தி, அந்த அம்மாளைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்தியவன் நான்தான். அம்மன் பாட்டுத்தான் என்று பூ வந்துவிட்டால் அந்தத் தீர்ப்பு கல்லில் மட்டுமா நிற்கும்?

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் நல்ல கூட்டம். வெள்ளை என்றால் அம்மன் பாட்டு, சிவப்பு என்றால் மனிதன் பாட்டு என்று பூசாரி சத்தமாக அறிவித்தார். ஊர் விவகாரம் எதுவும் தெரியாத குழந்தையாக இருக்கட்டும் என்று, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கிளோயே என்ற சிறுமியை அழைத்து வந்திருந்தார்கள். அவளுக்குத் தமிழே அரைகுறை. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரியாமல் நின்றாள். சிங்காரவேலன் ஆண்கள் பக்கத்தில் கைகட்டி நின்றார். அபயாம்பாள் அம்மாள் எதிர்ப்பக்கம் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "எடும்மா" என்று சிறுமியிடம் சொன்னார். அவள் குனிந்தாள்.

"வேணாம்" என்றார் அபயாம்பாள் அம்மாள்.

கிளோயே பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நல்ல காரியத்துல குறுக்க வர்றீங்க?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"வெள்ளை வந்துச்சுன்னா நான் இனிமே இந்தக் கோயிலுக்கு வர மாட்டேன். இவகிட்ட எனக்கு ஒண்ணும் இருக்காது."

கூட்டம் சலசலத்தது. சாமி சன்னிதியில் நின்று பேசுகிற பேச்சா என்று யாரோ சொன்னார்கள். சிங்காரவேலன் மனைவியைப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தார். "அபயம், என்ன பேச்சு இது? ஏன்?" என்றார்.

"ஏனா? மூணாம் பாட்டைப் பாடுங்க. இங்கயே, இப்பவே பாடுங்க. தந்த புள்ளையத் திரும்பக் கேக்க மாட்டான்னு பாடுங்க. நான் பாடினேன். இந்த எடத்துலதான் உக்காந்து பாடினேன். நீங்க அன்னைக்கு இங்க இல்ல."

முப்பது வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர் இதை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நேராக நிற்கிற அந்த முதுகு வளைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் அம்மனையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. பிறகு தெட்சிணாமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "பூவை எடுத்துடுங்க. அது நான் எழுதின பாட்டு."

"என்னங்க இது? இத்தனை வருசமா நீங்கதானே…"

"பயந்துக்கிட்டு சொன்னேன். எம்புள்ளைக்காக எழுதின பாட்டு. எம்புள்ள போயிட்டான். நான் எழுதினேன்னு சொல்ல வாய் வரல. அம்மன் மேல போட்டுட்டேன்."

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாப் பாட்டும். மூணாம் பாட்டும் நான் எழுதினதுதான்."

அபயாம்பாள் அம்மாள் தூணை விட்டுவிட்டு அவர் எதிரே வந்து நின்றார். அடிப்பாரோ என்று நினைத்தேன். "யாரைக் கேட்டு எழுதினீங்க? கடனில்லைன்னு எழுத உங்களுக்கு யாரு சொன்னா? ஒரு புள்ளையப் பெத்துட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா? அந்த வார்த்தையை நம்பித்தானே நான் ஆஸ்பத்திரிக்குக்கூட வராம இங்க உக்காந்திருந்தேன். கடைசியா அவன் முகத்தைக்கூடப் பாக்கலையே." சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. முப்பது வருடத்துத் திட்டு. பட்டாளத்தில் இருந்தவர் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். "தப்புத்தான். தப்புத்தான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாரும் பூப்பொட்டலத்தைத் தொடவில்லை. பூசாரி இரண்டையும் பிரிக்காமல் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட்டார். எது எந்தப் பொட்டலம் என்று அவரிடம் கேட்டேன், முறைத்தார். தெட்சிணாமூர்த்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு பேரையே போட்டுடு. என்ன பண்றது, அந்த அம்மா அழுததைப் பாத்ததுக்கு அப்புறம் என்னால வேற மாதிரி சொல்ல முடியல" என்றார். நல்ல மனிதர். நான்தான் அவரைத் தப்பாக நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாற்றிய புரூஃபைப் பார்க்க சிங்காரவேலன் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டர் திரையில் காட்டினேன். பதினொரு பாட்டு, கீழே 'இயற்றியவர்: சிங்காரவேலன்'.

"மூணாம் பாட்டை எடுத்துடலாமா ஐயா? அம்மாவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…"

"கேட்டேன். இருக்கட்டும்னு எழுதிக் காட்டினா. ஊருப் புள்ளைங்களுக்கு வேணுமாம்."

எழுதிக் காட்டினாள் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. எனக்கு வேறு அரிப்பு இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"திக்தே, வாத்தியாரு சொல்லச் சொல்ல எழுதுறதுன்னு எங்கிட்ட சொன்னீங்களே. அது சும்மாவா?"

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பத்துப் பாட்டு நான் எழுதினதுதான் தம்பி. அடிச்சு, கிழிச்சு, அவளைக் கேட்டு, எதுகை வராம ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினது. அதுல அம்மனுக்கு ஒண்ணும் சம்பந்தமில்ல."

"மூணாவது?"

"அதுமட்டும் நான் எழுதல. கொல்லையில பல்லு தேய்ச்சுக்கிட்டு நின்னேன். நாலு வரியும் முழுசா வந்து நின்னுச்சு. வாய் கொப்புளிச்சுட்டு உள்ள போயி எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல. அவகிட்டகூடக் காட்டிக் கேக்கல."

எந்தப் பாட்டு மனிதன் எழுதியதாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கெஞ்சினாரோ, அந்த ஒன்றுதான்.

"அப்ப கோயில்ல சொன்னது பொய்தானே ஐயா? அதுவும் அவ சன்னிதியிலேயே."

"பொய்தான். காத்தாயிக்கும் தெரியும்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏன் அப்படி ஒரு பாட்டைக் குடுத்துட்டு புள்ளைய எடுத்துக்கிட்டான்னு எனக்கும் தெரியல. முப்பது வருசமா நானும் கேக்குறேன். ஆனா அன்னைக்கு சாயங்காலம் அபயம் வெளக்கேத்தினா. அவ கையால. திரி போட்டு, எண்ணெய் ஊத்தி, அம்மன் படத்தை நிமிந்து பாத்தா. எங்கிட்டதான் இன்னும் பேசல."

"பேசிடுவாங்க ஐயா."

"பேசுவா. பேசலைன்னாலும் பரவாயில்ல. கோவம் எம்மேல இருக்கட்டும். நான் தாங்கிக்குவேன்."

நான் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கல் தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியான தொழில்.

"பேரை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க தம்பி" என்றார். "அவ பாக்கும்போது நல்லாத் தெரியணும்."

எழுத்தின் அளவைக் கூட்டினேன். "போதுமா ஐயா?"

"இன்னுங் கொஞ்சம்" என்றார்.